‘தலையில் என்னமோ செய்யுது’: முடி நட்ட பிறகு கவனிக்க வேண்டியவை

ஹேர் டிரான்ஸ்பிளான்ட், அதாவது பிடரியிலிருந்து முடியை வேரோடு எடுத்து வழுக்கை விழுந்த இடத்தில் நடுவது, முடிந்த 2ஆம் நாள் ராத்திரி 11 மணிக்கு கிளினிக்குக்கு போன் போட்டேன். என்ன செய்யுது என்று கேட்டார் எடுத்தவர். “தலையில என்னமோ செய்யுதுங்க” என்றேன். வலியா, எரிச்சலா, அரிப்பா, எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, கூடுதா குறையுதா என்று அவர் வரிசையாகக் கேட்க, ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. கடைசியாக மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்றதற்கு மனைவியின் முகத்தைப் பார்த்தேன். சரி, காலையில் நேரில் வாருங்கள் என்று வைத்துவிட்டார். கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிக்கு, நெற்றி உப்பிய முகத்தோடு, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கப் பேருந்தில் போய் இறங்கினால், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று 5 நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஒரு தடவை இதைக் கடந்து வந்தவன், அவ்வளவுதான். இங்கே இருப்பதும் உங்கள் மருத்துவர் சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் அவர் சொன்னதையே செய்யுங்கள்.

முதலில் ஒரு நோட்டு

போனில் குறிப்பு எழுதுவதை விட ஒரு 20 பக்க நோட்டும் பேனாவும் வசதி, ஏனென்றால் நீங்கள் தூங்கும்போது வீட்டில் இருப்பவர் எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் நேரம், இடம், என்ன மாதிரி, 10க்கு எவ்வளவு (0 என்றால் ஒன்றுமில்லை, 10 என்றால் தாங்கவே முடியாது), நேற்றைவிடக் கூடவா குறைவா, இவ்வளவு போதும். இடத்தைக் குறிக்கப் பெரிய உடற்கூறியல் எல்லாம் வேண்டாம். முன்னந்தலை, உச்சி, பிடரி, வலது காதோரம், இடது காதோரம் என்று ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதுங்கள். இது ரொம்ப முக்கியம். பாரசிட்டமால் போட்ட ஒரு மணி நேரம் கழித்து வலி 2 என்று எழுதினால் அது தலையின் கணக்கு இல்லை, மாத்திரையின் கணக்கு. அதே போலக் காய்ச்சல் பார்ப்பதானால் மாத்திரை போடுவதற்கு முன்னால் பாருங்கள், போட்ட பிறகு பார்த்தால் இருக்கும் காய்ச்சலும் மறைந்து நிற்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்ப்பது? முதல் வாரம் மூன்று தடவை, அப்புறம் ஒரு தடவை. அதற்கு மேல் வேண்டாம். அரிப்பு என்பது கவனிக்கக் கவனிக்கக் கூடுகிற சரக்கு. யாராவது பேன் என்று சொன்னாலே தலை அரிக்கத் தொடங்குகிறதே, அதே கதைதான். நான் 4ஆம் நாள் மணிக்கொரு தடவை எழுதினேன், அன்றைக்குத்தான் அரிப்பு 8 வரை போனது.

தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே இடத்தில் நின்று, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று படம் எடுத்து வையுங்கள். காலையில் ஜன்னலோரம் நல்லது, டியூப்லைட்டில் சிவப்பு சரியாகத் தெரியாது.

சொல்லைச் சரியாகப் பிடிப்பது

இந்த விஷயத்தில் தமிழ் நமக்குப் பெரிய உதவி. ‘பெயின்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல் நாம் பத்து விதமாகச் சொல்வோம், அந்தப் பத்தும் மருத்துவருக்கு வேறு வேறு சேதி.

மரத்துப்போவது என்றால் தொட்டால் உங்கள் தலை மாதிரியே இருக்காது, ஒரு கனத்த துணி போர்த்திய இன்னொருவர் தலையைத் தொடுவது போல இருக்கும். முடியை எடுக்கும்போதும் நடும்போதும் தோலில் ஓடும் நுண்ணிய நரம்புகள் அறுபடுகின்றன, அதனால் வருவது. எறும்பு ஊர்வது போல, அல்லது குறுகுறு என்று இருந்தால் அந்த நரம்புகள் திரும்ப வளர்கின்றன என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ‘சுருக்’ என்று ஒரு நொடி ஊசி குத்தி, ஷாக் அடித்தது போல ஓடி மறைவதும் அந்த வகைதான். நமைச்சல், அரிப்பு என்பது ஆறும் புண்ணின் அரிப்பு, காய்ந்த பொருக்கு தோலை இழுப்பதாலும் வரும். எரிச்சல் பெரும்பாலும் பிடரிப் பக்கம், முடியை எடுத்த இடத்தில், மிளகாய் அரைத்த கை பட்டாற்போல. இழுப்பு என்றால் துண்டை இறுக்கித் தலைப்பாகை கட்டியது போல. பிடரியில் தோலைப் பட்டையாக வெட்டி எடுத்துத் தையல் போடும் எஃப்யூடி முறையில் செய்தவர்களுக்கு இது கூடுதல். ஒவ்வொரு முடிக்கற்றையாகத் துளைத்து எடுக்கும் எஃப்யூஇ முறையில் குறைவு, அதில் ஒவ்வொரு துளையும் சுமார் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சிறியது.

கடைசியாக ‘விண்விண்’. நாடித் துடிப்போடு சேர்ந்து, உள்ளே இருந்து தெறிப்பது போல வலிப்பது. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் எப்படி வலிக்கும் என்று கிராமத்தில் யாரைக் கேட்டாலும் இந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். மற்றதையெல்லாம் நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்கலாம். இது ஒரே இடத்தில் நின்று கூடிக்கொண்டே போனால் எழுதிவிட்டு உடனே போனும் போடுங்கள்.

முதல் இரவு

ஊசி போட்டு மரக்கச் செய்த மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது இவ்வளவுதானா என்று தோன்றும், அரியாங்குப்பம் தாண்டும்போதும் அப்படித்தான் தோன்றும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பிடரி தன் வேலையைக் காட்டும். நட்ட இடத்தை விட எடுத்த இடம்தான் பொதுவாக அதிகம் வலிக்கும், இது தெரியாமல் பலர் பயப்படுகிறார்கள். எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை வலி முற்றிய பிறகு தேடாமல், சொன்ன நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். வீட்டில் கிடக்கும் ஆஸ்பிரினை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள், அது ரத்தக் கசிவைக் கூட்டும்.

தலையணை இரண்டு மூன்று அடுக்கி, சாய்வு நாற்காலி கோணத்தில் மல்லாந்து தூங்க வேண்டும். கழுத்துக்கு பயணத் தலையணை ஒன்று இருந்தால் தலை பக்கவாட்டில் புரளாது. அப்புறம் கொசுவலை. சிரிக்காதீர்கள், கடலூரில் கொசு இல்லாத ராத்திரி ஏது? தூக்கத்தில் காதோரம் ரீங்காரம் கேட்டால் கை தானாகத் தலையில் விழும்.

2ஆம் நாள் முதல் 5ஆம் நாள் வரை

வீக்கம் இப்போதுதான் தலையிலிருந்து முகத்துக்கு வரும். தலையில் செலுத்திய திரவம் நெற்றிக்கு வந்து, அங்கிருந்து புருவத்துக்கும் கண்ணிமைக்கும் வரும், 3ஆம் 4ஆம் நாளில் உச்சம், ஒரு வாரத்துக்குள் வடிந்துவிடும். உணர்ச்சி எப்படி இருக்கும் என்றால் நெற்றியில் ஈரத்துணி வைத்துக் கட்டியது போல கனமாக, கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். வலிக்காது. வலித்தால், அதிலும் ஒரு பக்கம் மட்டும் சிவந்து சூடாகி வலித்தால், அல்லது பார்வை மங்கினால், அது இந்த வீக்கம் இல்லை, உடனே காட்டுங்கள். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் சர்க்கரைக்காரர்கள் சர்க்கரையையும் அடிக்கடி பார்க்க வேண்டும், அது ஏறும்.

ஐஸ் வைப்பதானால் நெற்றியில் மட்டும், துணியில் சுற்றி, மருத்துவர் சரி என்ற பிறகு. நட்ட இடத்தில் ஒருக்காலும் வேண்டாம்.

கிராஃப்ட், அதாவது வேரோடு எடுத்து நட்ட முடிக்கற்றை, தோலோடு பிடித்துக்கொள்ளச் சுமார் 9, 10 நாள் ஆகும். அதற்குள் சொரிந்தால், பொருக்கைப் பிய்த்தால், கூடவே கிராஃப்டும் வந்துவிடும், முதல் 5 நாள் இன்னும் மோசம். அரிப்புக்கு என்ன செய்வது என்றால், கொடுத்திருக்கும் சலைன் (உப்புநீர்) ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து அடியுங்கள், காய்ந்துபோவதால் வரும் அரிப்பு பாதி அதிலேயே போய்விடும். தாங்கவில்லை என்றால் அரிப்பு மாத்திரை தருவார்கள், கேட்டு வாங்குங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். எங்கள் அம்மா “விளக்கெண்ணெய் தடவுடா, குளிர்ச்சி” என்று கிண்ணத்தோடு வந்து நின்றார். எண்ணெய், மஞ்சள், கற்றாழை எதுவும் இந்த நாட்களில் தலைக்கு வேண்டாம். பெரியவர்கள் மனம் கோணாமல் இதைச் சொல்வதுதான் மொத்த சிகிச்சையிலேயே கஷ்டமான பகுதி.

மரத்த தலை பொய் சொல்லாது, ஆனால் ஒன்றும் சொல்லாது

இதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. கிளினிக்கில் கொடுத்த காகிதத்தில் ஐந்தே வரி, அதில் இது இல்லை.

6ஆம் நாள் மஞ்சக்குப்பத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். குனிந்துதான் ஏறினேன், அதாவது குனிந்ததாக நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, “ஏங்க, நெத்தி மேல ரத்தம்” என்றாள். கூரைக் கம்பி உரசியிருக்கிறது. ஒரு பொட்டு வலி இல்லை. கண்ணாடியில் பார்த்தால் முன்வரிசையில் மூன்று நான்கு இடத்தில் கசிந்து காய்ந்திருந்தது. வலி என்பது காவல்காரன் என்றால், என் காவல்காரன் லீவில் இருந்தான்.

ஆகவே மரத்த இடத்தைப் பொறுத்தவரை உணர்ச்சியை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். உச்சியும் பிடரியும் உங்களுக்குத் தெரியாது, வீட்டில் ஒருவரைத் தினமும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான காஸ் துணியால் மெதுவாக, தேய்க்காமல், சில நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு கிளினிக்கைக் கூப்பிடுங்கள்.

நம் ஊரில் தலைக்கு வரும் ஆபத்துகள் வேறு ஊர்க்காரர்கள் எழுதும் பட்டியலில் இருக்காது. மணக்குள விநாயகர் முன்னால் நின்றதும் கை தானாக நெற்றிப்பொட்டில் குட்டிக்கொள்ளப் போகும், புதிதாக நட்ட முன்வரிசை சரியாக அங்கேதான் முடிகிறது. திருவந்திபுரத்தில் கல்யாணம் என்று போனால் பெருமாள் சந்நிதியில் சடாரி வைக்கத் தலை தானாகக் குனியும். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆசீர்வாதம் செய்யும் தாத்தா பாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சூடும் இதில் சேரும். மரத்த தோலுக்கு வெந்நீர் சுடுவது தெரியாது, ஹேர் டிரையர் சுடுவது தெரியாது, வெயில் சுடுவதும் தெரியாது. தண்ணீரை முழங்கையிலோ மணிக்கட்டின் உள்பக்கத்திலோ ஊற்றிப் பார்த்துவிட்டுத் தலைக்கு ஊற்றுங்கள். அக்னி நட்சத்திரத்தில் செய்துகொண்டால் பகலில் வெளியே போகாமல் இருப்பதே உத்தமம். கடற்கரை ஊர் என்பதால் வியர்வை வேறு; வியர்வை உப்பு பொருக்கில் இறங்கி எரியும். அந்த எரிச்சல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்ததும் அடங்கினால் கவலை இல்லை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காற்று வாங்கலாம், கடலில் இறங்குவதை மருத்துவர் அனுமதிக்கும் வரை, பொதுவாக ஒரு மாதமாவது, தள்ளிப்போடுங்கள்.

ஹெல்மெட் விஷயம் தனி. போடாமல் வண்டி ஓட்டக் கூடாது, போட்டால் கிராஃப்ட் உரசும். ஆக முதல் 10 நாளாவது வண்டியே வேண்டாம். கடலூர் புதுச்சேரி பேருந்துக்கா பஞ்சம்? மருத்துவர் சரி என்ற பிறகு போடத் தொடங்கினால், முதல் சில நாள் கழற்றியதும் உள்ளே இருக்கும் துணியைப் பாருங்கள். ஒரு சொட்டு ரத்தமோ ஈரமோ இருந்தால் பிடரியில் எங்கோ அழுத்துகிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

10ஆம் நாளுக்குப் பிறகு

முதல் தலைக்குளியல் எப்போது, எப்படி என்பதை ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள், பலர் முதல் கழுவலைத் தாங்களே செய்து காட்டுவார்கள். வீட்டில் ஷவர் வேண்டாம், சொம்பில் எடுத்து மெதுவாக ஊற்றுங்கள். 7 முதல் 14 நாளுக்குள் பொருக்கு உதிரும். உதிரும்போது முடியும் சேர்ந்து வரும், அதன் அடியில் சின்னதாக வெள்ளை முடிச்சு போலத் தெரியும், கிராஃப்டே வந்துவிட்டது என்று நெஞ்சு பதறும். 10 நாளுக்கு மேல் ஆகி, ரத்தம் வராமல், வலி இல்லாமல் வந்தால் அது முடி மட்டும்தான், வேர் உள்ளே இருக்கிறது. இப்படி நட்ட முடியில் பெரும்பகுதி இரண்டு மாதத்துக்குள் கொட்டிவிடும், 3ஆம் 4ஆம் மாதத்தில் திரும்ப முளைக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். கொட்டுவதற்கு உணர்ச்சி எதுவும் கிடையாது. வலித்துக்கொண்டு கொட்டினால் எழுதுங்கள், காட்டுங்கள்.

எஃப்யூடி செய்தவர்களுக்குத் தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளில். பிரித்ததும் இழுப்பு குறையும். குனிந்து பாரம் தூக்கினால் திரும்ப வரும், வந்தால் அன்றைக்கு ஓய்வு.

சீயக்காய்ப் பொடி போட்டுத் தேய்ப்பதும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். பொடியின் சொரசொரப்பு ஆறாத தோலுக்கு ஆகாது.

எப்போது போன், எப்போது ஆஸ்பத்திரி

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். உணர்ச்சி எவ்வளவு என்பதை விட எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் பேச்சு. 2ஆம் நாள் வலி 6 என்றால் பயமில்லை, 5ஆம் நாள் 3 ஆக வந்துவிட்டு 7ஆம் நாள் திரும்ப 5 ஆனால் அது பேச வேண்டிய விஷயம். தலை முழுவதும் பரவலாக எரிந்தால் பொறுக்கலாம், ஒரு ரூபாய் அளவு இடத்தில் மட்டும் விண்விண் என்றால் பொறுக்கக் கூடாது. உணர்ச்சியோடு கண்ணுக்கும் ஏதாவது தெரிந்தால், அதாவது சீழ், நாற்றம், பரவும் சிவப்பு, தொட்டால் சூடு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அன்றைக்கே காட்ட வேண்டும். நட்ட இடத்தில் தோல் கருநீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறிக் கறுத்தால் ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம், அரை நாள்கூடத் தள்ளாதீர்கள். புகை பிடிப்பவர்கள், சர்க்கரை இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம்.

மாத்திரை போட்ட பிறகு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டினால் கிளினிக்குக்கு போன் போட்டுக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரிப் பக்கம் இருந்தால் கோரிமேட்டில் ஜிப்மர்.

போனில் பேசுபவர் மருத்துவரா, ஆலோசகர் என்ற பெயரில் பணம் பேசியவரா என்று தெரிந்துகொள்ளுங்கள். உரிய பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவர்தான் இந்தச் சிகிச்சையைச் செய்ய வேண்டும் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. செய்தவரிடமே பேசக் கேட்பது உங்கள் உரிமை. பேசும்போது நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “8ஆம் நாள், வலது காதோரம் பின்னால், நேற்று ராத்திரியிலிருந்து விண்விண், மாத்திரை இல்லாமல் 5, நேற்று 2, காய்ச்சல் இல்லை” என்று படியுங்கள். படத்தையும் அனுப்புங்கள். என் இரண்டாவது போன் இப்படித்தான் இருந்தது, எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

மாதக் கணக்கு

ஒரு மாதம் ஆன பிறகு நோட்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். இப்போது ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கையைக் கழுவிவிட்டு, பஞ்சை நுனியாகத் திரித்து, நல்ல உணர்ச்சி இருக்கும் கழுத்திலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பஞ்சு தொடுவது மங்குகிறதோ அதுதான் எல்லை. காது நுனியிலிருந்து எத்தனை விரற்கடை என்று எழுதி வையுங்கள். நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் ஒரு வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. மாதம் ஒரு விரற்கடை நகர்ந்தாலே நல்ல செய்தி. பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும், எஃப்யூடி தழும்புக்கு மேலே இருக்கும் இடத்துக்கு இன்னும் நாள் பிடிக்கும்.

2 முதல் 4 மாதத்துக்குள் புதுமுடி தோலை முட்டிக்கொண்டு வரும்போது அங்கங்கே பரு மாதிரி கிளம்பும். ஒன்றிரண்டு, தொட்டால் லேசாக நோகும், நாலைந்து நாளில் அமுங்கும். கிள்ளாதீர்கள். கூட்டமாக வந்தால், பரவினால், மறுபடி அந்த விண்விண் வந்தால் காட்டுங்கள். முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தைத் திரும்பத் தொடங்கிய வாரத்தில் புதிதாக அரிப்பும் செதிலும் வந்தால் குறை தலையில் இல்லை, மருந்தில் கலந்திருக்கும் திரவம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மாற்றுக் கேளுங்கள். பிடரியிலிருந்து கண் வரைக்கும் மின்னல் போல ஓடும் வலி அபூர்வமாகச் சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும், அதற்கும் சிகிச்சை உண்டு, பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

எனக்கு இப்போது 11ஆம் மாதம். பிடரியில் இடது பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. முடி வெட்டும் கடையில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்: “தம்பி, இந்த இடத்துல டிரிம்மர் சூடானா எனக்குத் தெரியாது, நீ கையில வச்சுப் பாத்துட்டு ஓட்டு.”